பெட்டியில் உறங்கிய ரப்பர் கார்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

துளை போட்ட பட்டைகள், நாலு சக்கரம், இரண்டு அச்சுக் கம்பி, ஒரு கொக்கி, ஒரு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான் வண்டி. பேட்டரி கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. காரைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி உருட்டினால் ரப்பர் பின் அச்சில் சுற்றிக்கொள்ளும். கையை எடுத்தால் முன்னோக்கிப் பாயும். நானும் அக்காவும் அதைக் கழற்றி மாட்டியே பல விடுமுறைகளைக் கழித்தோம். "நீ சட்டத்தைப் பிடிச்சுக்கோ, நான் சுத்தறேன்" என்பாள். சுற்றச் சுற்ற ரப்பர் முறுக்கேறி 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கார் ஓடுவதைவிட அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு சுற்று சுற்றுவோம்.

பல வருடம் கழித்து அதே பெட்டியைத் திறந்தபோது கார் இருந்தது, ஓட்டம் இல்லை. அதை ஓடவைத்ததிலும், அதன் பிறகு மற்றவர்களின் பழைய கார்களைப் பழுது பார்த்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் காரில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும்: எதையும் சுற்றாதீர்கள்

ஆசையில் கை நேராகப் பின் சக்கரத்துக்குத்தான் போகும். வேண்டாம். பழைய பிளாஸ்டிக்குக்கு வளைந்து கொடுக்கும் தன்மை குறைந்திருக்கும். ரப்பர் இழுக்கும் இழுப்பில் முன் கொக்கி முறிந்தால் அந்தக் கொக்கிக்கு மாற்று கிடைப்பது கடினம். ரப்பருக்கு மாற்று எப்போதும் கிடைக்கும். இந்த வேலை முழுவதும் நான் பிடித்துக்கொள்ளும் கணக்கு இதுதான்: ரப்பர் தீர்ந்துபோகிற பொருள், மற்ற எல்லாம் காப்பாற்ற வேண்டிய பொருள்.

ரப்பர் இன்னும் இழுபட்ட நிலையில் மாட்டியிருந்தால், அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, அதற்கடியில் கத்தரிக்கோலை நுழைத்து வெட்டுங்கள். கழற்ற முயன்றால் பாதியில் அறுந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அதன் அகலத்தையும் தடிமனையும் அளந்து எழுதிவைத்தால், புது ரப்பர் தேடும்போது அந்தக் குறிப்பு உதவும்.

பிறகு, பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதை நினைவை நம்பி விட்டுவிடக் கூடாது.

ரப்பர் தொட்டதும் உதிர்கிறது, அல்லது பிசினாக ஒட்டிக்கிடக்கிறது

கிட்டத்தட்ட எல்லாப் பழைய காரிலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் புது ரப்பரை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

பதப்படுத்தாத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று 1839-ல் கண்டவர் சார்லஸ் குட்இயர். ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. அடுத்த சில வருடங்களிலேயே, 1845-ல், லண்டனில் ஸ்டீபன் பெரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதங்களைக் கட்டிவைக்கத்தான் அது. நம் காருக்கு எஞ்சின் ஆனது பின்னால் வந்த கதை.

கந்தகப் பாலம் இருந்தாலும் காற்று விடுவதில்லை. ஆக்சிஜன் உள்ளே புகுந்து சங்கிலிகளை அறுத்தால் ரப்பர் பிசினாகும். அறுந்தவை கண்டபடி மறுபடி பின்னிக்கொண்டால் விறைத்து உதிரும். மூன்றாவதாக ஓசோன். காற்றில் மிகச் சிறிய அளவே இருக்கிறது, ஆனால் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை நேராகப் போய் வெட்டும். ரப்பர் இழுபட்டிருந்தால்தான் இந்த வெட்டு விரிசலாகத் திறக்கும். உங்கள் பழைய ரப்பரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: இழுத்த திசைக்குக் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக இருந்தால் அது ஓசோன் போட்ட கோடு. அதே பெட்டியில் மாட்டாமல் கிடந்த உதிரி ரப்பரில் அந்தக் கோடுகள் இருக்காது.

உதிர்கிற ரப்பரைத் தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். பிசினாகி ஒட்டியதுதான் தொல்லை. அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிசின் இறுகிவிடும். வெளியே எடுத்த உடனே ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சியால் சுரண்டினால் பெரும்பகுதி பெயர்ந்துவரும். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் பாகத்தை வளைக்காமல் மேசையில் வைத்துச் சுரண்டுங்கள். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். எழுத்தோ படமோ அச்சிட்ட இடத்தில் ஆல்கஹால் பட வேண்டாம், அச்சு போய்விடும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் அருகிலேயே வரக் கூடாது. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் இந்த மாதிரி பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும்.

புது ரப்பர் மாட்டினேன், சுற்றும்போதே அறுந்துவிடுகிறது

முதலில் நீளத்தைப் பாருங்கள். கொக்கிக்கும் பின் அச்சுக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட ரப்பர் ஒரு விரல் அகலம் மட்டும் குட்டையாக இருக்கட்டும். மாட்டியதும் தொங்காமல் லேசாக விறைத்து நிற்கும். ரொம்பக் குட்டையாக இருந்தால் பாதிச் சுற்றிலேயே எல்லை வந்துவிடும். நல்ல இயற்கை ரப்பர் தன் நீளத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுபடும். ஆனால் பழைய காரில் நான் மூன்று மடங்கோடு நிறுத்திக்கொள்வேன். ரப்பருக்காக அல்ல, கொக்கிக்காக.

நீளம் சரிதான், ஆனாலும் ஒரே இடத்தில் அறுகிறது என்றால் அந்த இடத்தில் ஏதோ கூர்மை இருக்கிறது. கொக்கியின் வெட்டு முனை, அச்சில் உள்ள பிசிறு, பட்டையின் துளை விளிம்பு என எதுவாகவும் இருக்கலாம். விரல் நுனியைவிடப் பஞ்சு நன்றாகக் கண்டுபிடிக்கும். ஒரு பஞ்சைத் தடவிக்கொண்டே போங்கள், நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே நைஸ் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். ரப்பரில் ஊசி முனை அளவு கீறல் இருந்தாலும் இழுக்கும்போது அது தாவிப் பரவும். அதனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரப்பரையும் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உரசுவதும் ஒரு காரணம். கொஞ்சம் முகப்பவுடரைத் தடவினால் உரசல் குறையும். ஆனால் மெஷின் எண்ணெய், வாசலின் போன்றவற்றைத் தடவிவிடாதீர்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெயை இயற்கை ரப்பர் உறிஞ்சி ஊதிப்போகும், வலுவும் போய்விடும்.

சில கார்களில் ரப்பர் அச்சில் சுற்றாது. ஒரு குழாய்க்குள் நீளவாக்கில் முறுக்கேறி, பல்சக்கரம் வழியாகச் சக்கரத்தைத் திருப்பும். இது விமானப் பொம்மைகளின் வழி. 1871-ல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ தன் சிறு விமானத்தைப் பறக்கவிட்டது முறுக்கிய ரப்பரைக் கொண்டுதான். உங்கள் கார் இந்த வகை என்றால் பவுடர் போதாது. இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்வதால் வழுக்கல் வேண்டும். மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் விளக்கெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு, சிலிக்கோன் எண்ணெயும் தடவுவார்கள். இரண்டும் ரப்பரைக் கெடுக்காது. ஒரு சொட்டைக் கையில் தேய்த்து அந்தக் கையால் ரப்பரை உருவினாலே போதும்.

சுற்றியாயிற்று, விட்டால் அசையவே இல்லை

ரப்பரைக் கழற்றிவிட்டுக் காரைக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். தாராளமாகப் பல சுற்று சுற்றி மெல்ல நின்றால் நல்லது. சட்டென்று நின்றால் எங்கோ உரசுகிறது. நாலு சக்கரத்தையும் இப்படிப் பாருங்கள். ஓட்டுவது பின் அச்சுதானே என்று முன் அச்சை விட்டுவிடக் கூடாது. முன் சக்கரம் இறுகியிருந்தால் கார் பிரேக் போட்டபடியே கிளம்ப வேண்டியிருக்கும்.

பத்தில் எட்டுக் காரில் குற்றவாளி முடி. அச்சு பட்டைக்குள் நுழையும் இடத்தில் தலைமுடி, நூல், கம்பளி இழை எல்லாம் இறுகச் சுற்றி ஒரு வளையமாகவே ஆகியிருக்கும். சக்கரத்தை உருவி, ஊசியால் நெம்பி, சாமணத்தால் இழுத்தெடுங்கள். எங்கள் காரின் பின் அச்சிலிருந்து ஒரு நீளமான முடி வந்தது. அக்காவுடையதாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் அவளுக்குத்தான் நீளமான ஜடை. அதை மட்டும் பெட்டியின் மூலையில் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

முடி இல்லை என்றால் அச்சைப் பாருங்கள். எஃகு அச்சில் துரு ஏறியிருந்தால் நைஸ் உப்புத்தாளை அதைச் சுற்றிப் பிடித்து அச்சைத் திருப்புங்கள். நீளவாக்கில் தேய்த்தால் கீறல் விழும். பிறகு அதைக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் அச்சு வளைந்திருக்கிறது. மெல்லிய கம்பிதான், கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, மறுபடி உருட்டிப் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. சக்கரத்தை அச்சில் முழுக்க அழுத்தினால் அது பட்டையை உரசும். சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, சக்கரத்தை அழுத்தி, காகிதத்தை உருவிவிடுங்கள். அந்த அளவு இடம் போதும். அதற்கு மேல் விட்டால் அச்சு இடமும் வலமும் ஆடும்.

வழுக்கலுக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் தூள் போதும். பென்சிலின் கரியை உப்புத்தாளில் தேய்த்து, அந்தத் தூளை அச்சு துளைக்குள் திரும்பும் இடத்தில் மட்டும் தடவுங்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ரப்பர்வரை வழிந்து போகும், சில வகைப் பிளாஸ்டிக்கில் நாளடைவில் விரிசலையும் உண்டாக்கும்.

சக்கரம் அதே இடத்தில் சுழல்கிறது, கார் நகரவில்லை

இது பலவீனம் இல்லை, பலம் அதிகம். கார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம், சந்தோஷப்படலாம்.

முழுக்கச் சுற்றிய நிலையில்தான் ரப்பரின் இழுப்பு உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் அச்சின்மேல் ரப்பர் அடுக்கடுக்காக ஏறி அச்சையே தடிப்பாக்கியிருக்கும். இழுப்பும் அதிகம், அது செயல்படும் ஆரமும் அதிகம். இரண்டும் சேர்ந்து சக்கரத்தைத் தரையின் பிடிப்பைத் தாண்டித் திருப்பிவிடுகிறது. சேமித்த சக்தியில் பெரும்பகுதி அந்த முதல் நொடியிலேயே வீணாகிறது.

முதலில் டயரைத் துடையுங்கள். பல வருடத் தூசியும் கையெண்ணெயும் படிந்து டயர் பளபளவென்று இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்தபின் ஆல்கஹால் பஞ்சால் ஒரு முறை துடைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். டயர் விறைத்துப்போயிருந்தால் நைஸ் உப்புத்தாளால் மேல்பரப்பை மட்டும் லேசாகத் தேய்க்கலாம். டயரில் எழுத்தோ வடிவமோ இருந்தால் நான் அதைச் செய்யமாட்டேன். அதற்குப் பதில் அகலமான புது ரப்பர் பேண்ட் ஒன்றை டயரின்மேல் சுற்றிப் போட்டால் பிடிப்பு வந்துவிடும், வேண்டாதபோது கழற்றியும்விடலாம்.

அடுத்து எடை. தரையின் பிடிப்பு என்பது சக்கரத்தின்மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. முன்பக்கம் மாட்டிய போல்ட் நட்டுகளில் இரண்டைப் பின் அச்சுக்கு மேலே கொண்டுவாருங்கள். இது பாகங்களை மாற்றி மாட்டும் பொம்மை என்பதன் பெரிய சௌகரியம் இங்கேதான் தெரிகிறது: சட்டத்தை இரண்டு துளை முன்னே பின்னே நகர்த்திவிட்டு மறுபடி ஓடவிடலாம். சிறு வயதில் நாங்கள் இதைக் கணக்கு எதுவும் தெரியாமலே செய்தோம். ஓட்டுநர் பொம்மையைப் பின் சீட்டில் வைத்தால் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் தெரியும்.

அதுவும் போதவில்லை என்றால் ரப்பரை மெல்லியதாக மாற்றுங்கள். இரண்டு ரப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இழுப்பு இரட்டிப்பாகும். ஒன்றின் முனையில் இன்னொன்றைக் கோத்தால் இழுப்பு கூடாது, அது நீளும் தூரம்தான் கூடும். வழுக்குகிற காருக்கு வேண்டியது இரண்டாவது. சுற்றும்போது ரப்பரை அச்சின் குறுக்கே பரப்பிச் சுற்றுவதும் உதவும், ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஓடி, முடிவில் திடீரென்று நின்று பின்னுக்கு வருகிறது

ரப்பரின் பின் முனையை அச்சோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். ரப்பர் முழுக்க அவிழ்ந்த பிறகும் கார் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அச்சும் திரும்பிக்கொண்டே இருக்கும். கட்டிய ரப்பர் இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். கார் தானே தனக்குச் சாவி கொடுத்துக்கொண்டு, நின்று, பின்னால் உருளும்.

ரப்பரைக் கட்டக் கூடாது, மாட்ட வேண்டும். பின் அச்சில் ஒரு சிறு முளையோ, வாய் திறந்த கொக்கியோ இருந்திருக்கும். ரப்பரின் கண்ணியை அதில் கோத்து முதல் சுற்றைக் கையால் இழுத்துப் பிடித்தால், அடுத்த சுற்று அதன்மேல் ஏறி இறுக்கிக்கொள்ளும். கடைசிச் சுற்று அவிழும்போது கண்ணி தானாக நழுவி விழும், கார் தடையில்லாமல் ஓடும். ஓட்டத்தில் நல்ல பங்கு இப்படி விடுபட்ட பிறகு உருள்வதில்தான் கிடைக்கிறது.

அந்த முளை உடைந்து காணாமல் போயிருந்தால், அச்சின் நடுவில் ஒரு துண்டுக் காகித டேப்பைச் சுற்றி, அதற்கடியில் வளைத்த ஜெம் கிளிப் துண்டு ஒன்றைச் செருகலாம். அதன் வாய் சுற்றும் திசையைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கண்ணி நழுவாது. காகித டேப்பைச் சொல்வதற்குக் காரணம், அதைப் பின்னால் சுவடில்லாமல் உரிக்க முடியும்.

நழுவிய ரப்பர் தரையில் இழுபட்டுச் சக்கரத்தில் சிக்குகிறதா? குறுக்குப் பட்டை ஒன்றைச் சட்டத்தின் அடியில் மாட்டி அதன்மேல் ரப்பர் படுக்கும்படி செய்யுங்கள்.

நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைகிறது

இரண்டு அச்சுகளும் இணையாக இல்லை. ஒரு பக்கம் முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை அளந்து, மறுபக்கத்தையும் அளந்து பாருங்கள். தூரம் குறைந்த பக்கமாக வளையும். துளைகளைத் தப்பாக எண்ணி மாட்டியிருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றால் சட்டம் சதுரமாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. மூலைக்கு மூலை அளந்து, திருகுகளைத் தளர்த்தி, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

அளவு சரியாக இருந்தும் வளைந்தால், ரப்பர் அச்சின் நடுவில் இல்லாமல் ஓரமாக இழுக்கிறதா, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உரசுகிறதா என்று பாருங்கள்.

சட்டமே வில்லாக வளைந்திருக்கிறது

யாரோ ரப்பரை மாட்டியபடியே பெட்டியில் வைத்துவிட்டார்கள். எங்கள் காரில் அந்த யாரோ நான்தான். பிளாஸ்டிக் வருடக்கணக்கில் ஒரே பக்கமாக இழுக்கப்பட்டால் அப்படியே வளைந்து நின்றுவிடும்.

தகரப் பட்டை என்றால் கையால் நிமிர்த்திவிடலாம். பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். எடுத்து, இரண்டு மட்டமான பலகைகளுக்கு நடுவே கனம் ஏற்றி, முழுக்க ஆறும்வரை விடுங்கள். ஒரே தடவையில் நிமிராது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். கடைசிவரை கொஞ்சம் வளைவு மிஞ்சினால் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டையைத் திருப்பி, வளைவின் முதுகு எதிர்ப்பக்கம் வரும்படி மாட்டினால் ரப்பரின் இழுப்பே அதை நேராக்கும்.

டயர் சக்கரத்தைத் தின்றிருக்கிறது

டயரை உருவிப் பார்த்தால் சக்கரத்தின் விளிம்பு உருகியதுபோல் பள்ளம் விழுந்து, இரண்டும் ஒட்டியிருக்கும். வெயில் பட்டதால் இல்லை. மெத்தென்ற பிவிசி டயரை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்த ஒரு திரவம். அது மெல்ல வெளியேறி, பக்கத்தில் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. விழுந்த பள்ளம் திரும்பாது, மேலும் பரவாமல் நிறுத்தலாம். இரண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சக்கர விளிம்பில் மெல்லிய பாலித்தீன் கீற்று ஒன்றைச் சுற்றி, அதன்மேல் டயரை ஏற்றுங்கள். ஓடாத நாட்களில் டயரைத் தனியே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

முளைகள் நிற்கவில்லை, பாகங்கள் கழன்று விழுகின்றன

பசை போடாதீர்கள். இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ஒட்டிய அன்றைக்கே அது கழற்றி மாட்டும் பொம்மையாக இருப்பது முடிந்துவிடும்.

தளர்ந்த முளையைச் சுற்றி, குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றி அழுத்துங்கள். இறுகப் பிடிக்கும், வேண்டும்போது உருவலாம். நட்டு போல்ட் வகையில், ஓட்டத்தின் அதிர்வில் நட்டு தளர்ந்தால் அதன்மேல் இன்னொரு நட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று முடுக்குங்கள்.

பாகம் ஏதாவது காணவில்லை என்றால், பட்டையில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளக்கவும். 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் வந்தால் அது மெக்கானோ என்ற உலோகப் பட்டைப் பொம்மையின் அளவு. ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கிய அந்த முறையின் துளைக் கணக்கைப் பிறகு வந்த பல பொம்மைகளும் பின்பற்றின, அதனால் மாற்றுப் பாகம் பொருந்த வாய்ப்பு உண்டு. 8 மில்லிமீட்டர் வந்தால் லெகோவின் அளவு.

நிறம் மஞ்சளித்துவிட்டது

ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளுத்த பிளாஸ்டிக் மறுபடி மஞ்சளிப்பதும் உண்டு. எனக்கு அந்த மஞ்சள் பிடித்திருக்கிறது, விட்டுவிட்டேன்.

ராத்திரி சுற்றிவைத்தேன், காலையில் வேகமே இல்லை

ரப்பரை இழுத்தே வைத்திருந்தால் உள்ளே சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இடம் மாறிக்கொள்ளும், இழுப்பு தளரும். ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். அகலமான ரப்பர் ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் காத்திருந்து, சட்டென்று தளர்த்தி வையுங்கள், குளிரும். 1805-லேயே ஜான் கஃப் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இழுக்கும்போது நீங்கள் கொடுக்கும் உழைப்பு வெப்பமாக வெளியே போய்க்கொண்டும் இருக்கிறது. அதனால் சுற்றிய உடனே விடுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிவிட்டு விடுவோமே, அவ்வளவு தாமதம் பரவாயில்லை.

எல்லாம் சரி, ஆனால் முன்பு ஓடிய தூரம் ஓடவில்லை

பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைசியாகச் சொல்லும் கோளாறு இது. நானும் சொன்னேன். எங்கள் கார் ஒரு அறையில் கிளம்பி அடுத்த அறைச் சுவரில் இடித்தே நிற்கும் என்றுதான் என் நினைவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையில் 150 மில்லிமீட்டர், ரப்பர் 140 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு இழுத்தால் ரப்பரின் நீளம் 420. அதில் 150 சட்டத்தின் நீளத்துக்கே போய்விடும், மிச்சம் 270 மில்லிமீட்டர்தான் அச்சில் சுற்றும். அச்சின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 12.6 மில்லிமீட்டர் பிடிக்கும். ஆக 21 சுற்று. சக்கரத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றில் கார் 12.6 சென்டிமீட்டர் நகரும். 21 சுற்றுக்கு சுமார் 2.6 மீட்டர். ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் சுற்றுகள் கொஞ்சம் குறையும். அதற்கப்புறம் கார் உருள்வது தரையையும் அச்சையும் பொறுத்தது.

உங்கள் காரின் அளவுகளைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்துவிட்டு, ஓடவிட்டு அளந்துபாருங்கள். கணக்கில் வந்த தூரத்தைக் கார் தொட்டுவிட்டால் அதில் கோளாறு இல்லை. இன்னும் வேண்டும் என்றால் பின்னால் பெரிய சக்கரம் மாட்டலாம், கிளம்பும் வேகம் குறைந்து தூரம் கூடும். இரண்டு ரப்பரைக் கோத்துச் சட்டத்தையும் நீளமாக்கலாம்.

எங்கள் கார் உருண்டு நின்ற இடம்வரை டேப் வைத்து அளந்தேன், 4 மீட்டருக்கு ஒரு ஜாண் குறைவு. அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "சுவர்ல இடிக்கும்தான்டா. ஆனா நடுவுல ரெண்டு தடவை நீதான் ஓடிப்போய் மறுபடி சுத்திவிடுவே" என்றாள்.

ஆடி முடித்ததும் ரப்பரைக் கொக்கியிலிருந்து கழற்றி, கொஞ்சம் பவுடர் போட்டு, வெளிச்சம் புகாத டப்பாவில் தளர்வாக வையுங்கள். டயர்களை உருவித் தனி உறையில் போடுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ரப்பரின் அளவை எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.